பில்லர் 9 இன்ச்சா, 12 இன்ச்சா? நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஒப்பந்த வேலைக்குத் திரும்பிய அனுபவம்

வருஷக்கணக்கில் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்ப வேலைக்கு வர நினைக்கும் சிவில் பொறியாளர்கள் பெரும்பாலும் மென்பொருளை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். "ஈடேப்ஸ் எல்லாம் எங்கேயோ போயிடுச்சாமே, எனக்கு ஸ்டாட் மட்டும்தானே தெரியும்" என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. மென்பொருள் கொஞ்ச நாளில் கைக்கு வந்துவிடும். அதைவிட முக்கியமானவை இரண்டு. நாம் இல்லாத காலத்தில் எந்தெந்த ஐ.எஸ். கோட், அதாவது கட்டுமானத்துக்கான இந்தியத் தரவிதி, மாறியது என்று தெரிந்துகொள்வது ஒன்று. எடுக்கிற வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுத்தில் வாங்குவது இன்னொன்று. முதலாவது தெரியாவிட்டால் வரைபடம் தப்பாகிவிடும். இரண்டாவது இல்லாவிட்டால் வரைபடம் சரியாக இருந்தும் உழைப்புக்குக் காசு வராது.

நான் சேலத்துக்காரி. கருப்பூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் சிவில் படித்துவிட்டு கோயம்புத்தூரில் ஒரு கட்டமைப்பு ஆலோசகரிடம் டிசைன் பிரிவில் இருந்தேன். மில் ஷெட், அடுக்குமாடிக் குடியிருப்பு, பள்ளிக்கூடம், மேல்நிலைத் தொட்டி எல்லாம் செய்த அனுபவம் உண்டு. இரண்டாவது குழந்தை பிறந்த கையோடு மாமியார் படுத்த படுக்கையானார். 2010 வாக்கில் வேலையை விட்டுவிட்டு அழகாபுரத்தில் வீட்டோடு தங்கிவிட்டேன். மறுபடி டிசைன் வேலையில் உட்கார்ந்தபோது பெரியவன் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தான்.

முழுநேர வேலை வேண்டாம், ஒப்பந்தம்தான் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டேன். வீட்டில் பொறுப்புகள் இன்னும் இருந்தன என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், எங்கள் தொழிலில் வேலை வந்தால் ஒரேயடியாக வரும், இல்லாவிட்டால் மாதக்கணக்கில் இருக்காது. அதனால் சின்ன ஆலோசகர்கள் நிரந்தரமாக ஆள் வைத்துக்கொள்ளத் தயங்குவார்கள். வேலை குவியும்போது வெளியே கொடுத்து வாங்குவார்கள். அந்த இடத்தில் நுழைவது சுலபம். இடைவெளி எத்தனை வருஷம் என்பதைவிட வெள்ளிக்கிழமைக்குள் ஃபுட்டிங் (அடித்தளம்) வரைபடம் கிடைக்குமா என்பதுதான் அவர்களுக்குக் கவலை.

சரி, கோட் விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலையை விட்டபோது என் மேஜையில் இருந்தவை: காங்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456, 2000ஆம் வருடத்தியது. நிலநடுக்கத்துக்கு 1893, 2002ஆம் வருடத்தியது. நிலநடுக்கத்தைத் தாங்கும்படி கம்பி கட்டுவதற்கு 13920, 1993ஆம் வருடத்தியது. காற்றுக்கு 875 மூன்றாம் பகுதி, 1987. எஃகுக்கு 800, 2007. திரும்பி வந்து பார்த்தால் 456ம் 800ம் திருத்தங்களோடு அப்படியே இருந்தன. காற்றுக்கான பகுதி 2015இல் புதிதாக வந்திருந்தது. 1893ம் 13920ம் 2016இல் ஏறக்குறைய வேறு புத்தகங்களாகவே ஆகியிருந்தன.

பழைய கோட் ஒரு பக்கம், புதிய கோட் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு படித்தேன். ஒரு நோட்டில் இடது பக்கம் எனக்குப் பழக்கமான விதி, வலது பக்கம் இப்போதைய விதி. மாறாதவற்றை எழுதவே இல்லை. இப்படிப் படித்தால் பயம் பாதியாகக் குறையும். மாறியவை எத்தனை கொஞ்சம் என்று கண்ணுக்கே தெரியும். கோட் புத்தகங்களைத் தேடி ஜெராக்ஸ் கடைக்கு அலைய வேண்டியதும் இல்லை. பி.ஐ.எஸ். எனும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் இணையதளத்தில் பதிவு செய்துகொண்டால் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களும் இலவசம்தான், கட்டணம் கட்டித் தேர்வு எழுதினால் சான்றிதழும் உண்டு. சான்றிதழைக் காட்டி எனக்கு எந்த வேலையும் வரவில்லை. பாடம் மட்டும் நன்றாகவே உதவியது.

மாறியதில் சேலத்துக்காரர்களை நேரடியாகத் தொடுவது பில்லர் அளவு. 2016 கோட்டின் நிலநடுக்க வரைபடத்தில் சேலம் மூன்றாம் மண்டலம். 1993இன் 13920 கோட் முதலில் வந்தபோது மூன்றாம் மண்டலத்தில் சாதாரண வீடுகளைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டது. முக்கியக் கட்டடம், ஐந்து மாடிக்கு மேல் என்றால்தான் கட்டாயம். 2002இல் வந்த திருத்தத்தில் அது மூன்று, நான்கு, ஐந்து ஆகிய மண்டலங்கள் எல்லாவற்றுக்கும் கட்டாயம் ஆனது. 2016இல் பில்லரின் குறைந்தபட்ச அளவும் 300 மி.மீ. ஆனது, அதாவது 12 இன்ச். அதோடு, பில்லர் வழியாகப் போகும் பீம் கம்பியின் விட்டத்தைப் போல 20 மடங்குக்கும் குறையக் கூடாது. சேலத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் கட்டிக்கொண்டிருக்கும் வீட்டில் பில்லர் 9க்கு 12 தான். சுவர் 9 இன்ச், பில்லரும் 9 இன்ச் இருந்தால் பூசிய பிறகு வெளியே தெரியாது. பரம்பரையாக வந்த பழக்கம் அது.

ஜாகீர் அம்மாபாளையம் பக்கம் தரைத்தளமும் இரண்டு மாடியுமாக ஒரு வீடு. வரைபடத்தில் எல்லா பில்லரையும் 12க்கு 12, 12க்கு 15 என்று போட்டிருந்தேன். சைட்டுக்குப் போனபோது மேஸ்திரி வரைபடத்தைச் செங்கல் அடுக்கின்மேல் விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"மேடம், சேலத்துல எல்லா வீடும் ஒம்போதுக்குப் பன்னெண்டுதான். நீங்க போட்ட மாதிரி ஏத்துனா ஹால்ல மூணு இன்ச் துருத்திக்கிட்டு நிக்கும். ஓனர் என்னைத்தான் திட்டுவாரு."

"துருத்தும்தான் அண்ணே. எந்தப் பக்கம் துருத்தணும்னு நான் வரைஞ்சு தர்றேன், ஹால் பக்கம் வராது."

அங்கேயே தரைப்படத்தின்மேல் பென்சிலால் குறித்தோம். படுக்கையறை பில்லர்கள் அலமாரிக்குள் போயின. சமையலறையில் ஸ்லாப் ஷெல்ஃபோடு சேர்ந்துகொண்டது. தெருப்பக்கம் இருந்தவை வெளியே துருத்தி எலிவேஷனில் பட்டையாக நின்றன; பார்க்கவும் நன்றாக இருந்தது. ஹால் மூலை ஒன்றில் மட்டும் தவிர்க்க முடியவில்லை, வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார். அந்தக் கால் மணி நேரப் பேச்சுதான் வேலையைக் காப்பாற்றியது. வரைபடத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால் சைட்டில் பழைய 9 இன்ச் பலகையைத்தான் அடித்திருப்பார்கள்.

அதே சைட்டில் பில்லர் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கையும் பார்த்தேன். பில்லர் ரிங்கின் இரண்டு நுனிகளும் 90 டிகிரியில் மடங்கி, கம்பியை மூடியிருக்கும் வெளிப்புறக் காங்கிரீட்டான கவர் பக்கமாகவே படுத்திருந்தன. நிலநடுக்கத்தில் கவர் காங்கிரீட் உதிர்ந்தால் அந்த மடிப்பு திறந்துகொள்ளும், உள்ளே இருக்கும் கம்பிகளைப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. 135 டிகிரி மடித்து நுனியை பில்லரின் உள்ளே விட வேண்டும். மடித்த பின் நீளும் வால், 2016 கோட்படி, ரிங் கம்பியின் விட்டத்தைப் போல 6 மடங்கு, குறைந்தது 65 மி.மீ. கம்பி கட்டுகிற பையனிடம் ஒரு ரிங்கை மடிக்கச் சொல்லி, அளந்து, அதையே மாதிரியாகத் தொங்கவிட்டுவிட்டு வந்தேன். அடுத்த முறை போனபோது எல்லாம் சரியாக இருந்தன. சொல்லிக் கொடுத்தால் நன்றாகவே செய்கிறார்கள்.

கணினிக் கணக்கிலும் ஒரு பெரிய மாற்றம். 2016 கோட்டில், நிலநடுக்கக் கணக்குக்கு காங்கிரீட் விரிசல் விட்டிருப்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். பில்லருக்கு விறைப்பில் (வளையாமல் எதிர்க்கும் தன்மையில்) 70 சதவீதம், பீமுக்கு 35 சதவீதம்தான். பழைய கோப்பைத் திறந்து அப்படியே ஓட்டினால் இது விட்டுப்போகும். கட்டடம் எவ்வளவு அசையும் என்ற கணக்கே மாறிவிடும். மென்பொருளில் இது ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றுகிற வேலைதான். ஆனால் எந்தக் கட்டம், எந்த எண் என்று கோட் படித்தவருக்குத்தான் தெரியும். முதலில் கோட், பிறகு மென்பொருள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

மாறாதவையும் இருக்கின்றன, அவைதான் நம்முடைய மூலதனம். ஒரு மீட்டர் கம்பியின் எடை இன்றைக்கும் விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் வருவதுதான், 12 மி.மீ. கம்பிக்கு 0.89 கிலோ, 16க்கு 1.58. ஸ்லாப் வளைவதும் பில்லர் நசுங்குவதும் முன்போலத்தான். ஏற்காட்டில் ஒரு வீட்டுக்காரருக்குப் பின்பக்கம் மலையை வெட்டிய இடத்தில் 3 மீட்டர் உயரத்துக்குத் தாங்குசுவர் வேண்டியிருந்தது. உள்ளூரில் யாரோ சொன்னபடி கருங்கல் சுவர் ஏற்கெனவே பாதி எழும்பியிருந்தது, தண்ணீர் வெளியேற ஒரு துளைகூட இல்லை. "பார்த்தாலே உறுதியாத்தானே இருக்கு?" என்றார் அவர். அங்கேயே காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். காய்ந்த மண் மட்டும் என்றால் சுவரின் அடியில் சதுர மீட்டருக்கு 18 கிலோநியூட்டன் அளவுக்கு அழுத்தம். மழை பெய்து சுவருக்குப் பின்னால் மேல்வரை தண்ணீர் நின்றால் தண்ணீர் மட்டுமே 30, நனைந்த மண் ஒரு 10, மொத்தம் 40. இரண்டு மடங்குக்கும் மேல். தண்ணீர் ஓடிவிடும்படி துளை விட்டு, பின்னால் ஜல்லியை வடிகட்டி மாதிரி அடுக்கினால் அந்த 30 வரவே வராது. கல்லூரி மூன்றாம் வருஷத்தில் படித்த பாடம்தான் இது. எந்த இடைவெளியிலும் இது பழையதாகாது. இப்படி எது எதெல்லாம் நம்மிடம் பழையதாகவில்லை என்று ஒரு பட்டியல் எழுதிப் பாருங்கள், நிமிர்ந்து உட்காரத் தோன்றும்.

(மலையில் வேலை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏற்காட்டில் கட்டுவதற்கு ஹாக்கா என்று சொல்லும் மலைப்பகுதிப் பாதுகாப்பு அனுமதி பற்றி முதலில் கேளுங்கள். அது யார் பொறுப்பு, வாங்கியாயிற்றா என்பது தெரியாமல் டிசைனில் கை வைக்காதீர்கள்.)

முதல் வேலை எப்படிக் கிடைத்தது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேலைவாய்ப்புத் தளங்களில் பதிந்து வைத்ததில் ஒன்றும் வரவில்லை. பழைய அலுவலகத்தில் என்னோடு இருந்தவர்கள் இன்று தனித்தனியாக அலுவலகம் வைத்திருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டேன். "திரும்ப வேலைக்கு வரலாம்னு இருக்கேன், ஏதாவது இருந்தா சொல்லுங்க" என்று கேட்டால் "கண்டிப்பா சொல்றேன் மேடம்" என்பார்கள், அதோடு சரி. அவர்களுக்கு நம்மை எங்கே பொருத்துவது என்று தெரியாது. நான் அனுப்பிய செய்தி இப்படி இருந்தது: "சார், குடியிருப்புக் கட்டடங்களுக்கு பார் பெண்டிங் ஷெடியூலும் பீம், ஸ்லாப் டீடெயிலிங்கும் செய்து தருகிறேன். 2016 கோட்களைப் படித்துவிட்டேன். வாரம் 20 மணி நேரம் ஒதுக்க முடியும். ஒரு சின்ன வேலை கொடுத்துப் பாருங்கள், அதற்கு ஒரு தொகை பேசிக்கொள்ளலாம்." ஒரு முன்னாள் சகா அன்றைக்கே கூப்பிட்டார். ஒரு கல்யாண மண்டபத்தின் பார் பெண்டிங் ஷெடியூலை, அதாவது எந்தக் கம்பி எத்தனை, எப்படி வெட்டி மடிப்பது என்ற அட்டவணையைச் சரிபார்க்கும் வேலை.

நான் பார் பெண்டிங் ஷெடியூலில் தொடங்கியது யோசித்துச் செய்தது. கட்டமைப்புத் துறையில் திரும்பி வருகிற யாருக்கும் அதையே சொல்வேன். அது அளவான வேலை: இத்தனை வரைபடம், இத்தனை கம்பி, முடிந்தால் முடிந்தது. சரியா தப்பா என்று எண்ணிப் பார்த்துவிடலாம். டிசைன் பொறுப்பு நம் தலையில் இல்லை. அதே சமயம் அடுத்தவர் வரைபடத்தை ஒவ்வொரு கம்பியாகப் பார்ப்பதால், இன்றைக்கு எப்படி வரைகிறார்கள், எந்த அளவுக் கம்பி, எத்தனை இடைவெளி என்பதெல்லாம் சம்பளத்தோடு கற்றுக்கொள்ளும் பாடமாகிவிடுகிறது. வேறு துறையிலும் இப்படி ஒரு வாசல் இருக்கும். கணக்குத் துறையில் இருந்த என் தோழி விட்டபோது வாட் இருந்தது, திரும்பியபோது 2017 ஜூலையிலிருந்து ஜி.எஸ்.டி. அவள் முழுக் கணக்கை எடுக்காமல், ஒரு செவ்வாய்ப்பேட்டை மளிகை மண்டிக்கு வாங்கின பில்லையும், வாங்கும்போது கட்டிய வரிக்குக் கழிவாக ஜி.எஸ்.டி. தளத்தில் காட்டும் வரிவரவையும் மாதாமாதம் ஒப்பிட்டுத் தரும் வேலையில் தொடங்கினாள். ஜி.எஸ்.டி. அவளுக்கு அந்த மேஜையில்தான் புரிந்தது.

"மாதிரிக்கு ஒண்ணு இலவசமா செஞ்சு காட்டுங்க" என்று சிலர் கேட்பார்கள். ஒரு பீம், ஒரு பக்கம் என்றால் செய்யலாம். முழு ஃப்ளோர் என்றால் அது மாதிரி இல்லை, வேலை. வேலைக்குப் பணம் உண்டு என்று சிரித்தபடியே சொல்லிவிடலாம். கெட்டுப்போகிற உறவு அதில் எதுவும் இல்லை.

"இத்தனை வருஷம் என்ன செஞ்சீங்க?" என்ற கேள்வி வராமல் இருக்காது. "வீட்டில் பெரியவங்களைப் பார்த்துக்கிட்டேன், பிள்ளைங்களை வளர்த்தேன். இப்ப வாரம் 20 மணி நேரம் வேலை செய்ய முடியும்." இதற்குமேல் ஒரு சொல்லும் தேவையில்லை. சுயவிவரத்திலும் எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை குடும்பப் பொறுப்பு என்று ஒரே வரியில் எழுதிவிட்டேன். மறைத்தால்தான் துருவுகிறார்கள். மாமியாரை நான் பார்த்துக்கொண்டது வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை.

இனி ஒப்பந்தக் கடிதம். இதில்தான் திரும்பி வருகிறவர்கள், குறிப்பாகப் பெண்கள், அதிகம் விட்டுக்கொடுக்கிறார்கள். வேலை கிடைத்ததே பெரிது என்ற நினைப்பில் எதையும் எழுத்தில் கேட்கத் தயங்குகிறார்கள். நான் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கத்துக்கு மேல் போகாத கடிதம் அனுப்புகிறேன், வேலை கொடுப்பவர் மின்னஞ்சலில் "சரி" என்று பதில் போட்டால் போதும்.

அதில் முதலில் எழுதுவது எதை வைத்துக்கொண்டு தொடங்குகிறேன் என்பது. கட்டட வரைபடத்தின் எண், தேதி, எத்தனையாவது ரிவிஷன், மண் பரிசோதனை அறிக்கையின் தேதி எல்லாம் அதில் இருக்கும். அடுத்து நான் தருவது: ஃபுட்டிங், பில்லர், பெல்ட், ஒவ்வொரு தளத்தின் பீம், ஸ்லாப், படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி என்று தாள் வாரியாக. பட்டியலில் இல்லாதது வேலையில் இல்லை. காம்பவுண்ட் சுவர், லிஃப்ட் அறை, செப்டிக் டேங்க் மூன்றும் எப்போதும் கடைசியில் வந்து ஒட்டிக்கொள்ளும். முன்பே பெயர் சொல்லிச் சேர்க்கவோ விலக்கவோ வேண்டும். என் தவறுக்கான திருத்தம் எத்தனை ஆனாலும் இலவசம். அவர்கள் கேட்கும் மாற்றம் இரண்டு சுற்று வரை தொகைக்குள் அடங்கும். அதற்குமேல், அல்லது கட்டட வரைபடமே மாறினால், மணிக்கணக்கு. சைட்டுக்கு எத்தனை முறை வருவேன், போக்குவரத்துச் செலவு யாருடையது என்பதும் இருக்கும்.

அந்த "கட்டட வரைபடமே மாறினால்" என்ற வரியின் அருமை ஒரு வேலையில் தெரிந்தது. பில்லர் இடங்களைக் கொடுத்து, சைட்டில் குழி தோண்டவும் தொடங்கிவிட்டார்கள். வாஸ்து பார்த்துப் படிக்கட்டை வடகிழக்கிலிருந்து தென்மேற்குக்கு மாற்றிவிட்டார் வீட்டுக்காரர். "படிக்கட்டு மட்டும்தானே மேடம், சின்ன மாத்தம்" என்றார் வேலை கொடுத்தவர். படிக்கட்டு நகர்ந்தால் அதைச் சுற்றிய நான்கு பில்லர், அவற்றின் ஃபுட்டிங், மூன்று தளத்துப் பீம் எல்லாம் மாறும். நான் வாதாடவே இல்லை. கடிதத்தின் அந்த வரியை அப்படியே எடுத்து, மாற வேண்டிய தாள்களின் எண்களோடு, இத்தனை மணி நேரம், இத்தனை ரூபாய் என்று எழுதி அனுப்பினேன். சாயங்காலமே சம்மதம் வந்தது. எழுத்தில் இருந்ததால் யாருக்கும் மனக்கசப்பு இல்லை. அந்த வரி இல்லாவிட்டால் ஒன்று நான் இலவசமாகச் செய்திருப்பேன், இல்லை அவரோடு பேச்சு முறிந்திருக்கும்.

மென்பொருள் உரிமம் யாருடையது என்பதையும் அதே கடிதத்தில் எழுத வேண்டும். நான் வேலையில் இருந்தபோது ஆட்டோகேடை ஒருமுறை வாங்கினால் அது நம்முடையது. 2016இலிருந்து புதிதாக அப்படி வாங்க முடியாது, சந்தாதான். வேலை கொடுப்பவரின் உரிமத்திலேயே தொலைவிலிருந்து உள்ளே போய் வேலை செய்ய முடியுமா என்று கேளுங்கள், பலர் ஒத்துக்கொள்கிறார்கள். முடியாது என்றால் சந்தாச் செலவைத் தொகையில் சேருங்கள். திருட்டு நகல் வேண்டவே வேண்டாம். வேலை கொடுத்தவருக்கும் சேர்த்துத் தலைவலி அது.

எவ்வளவு கேட்பது? சதுர அடிக்கு இத்தனை என்றுதான் ஊரில் பேசுவார்கள். அதை ஒத்துக்கொள்வதற்குமுன் நமக்கென்று ஒரு மணிக்கணக்கு இருக்க வேண்டும். ஒரு உதாரணம்: மாதம் கைக்கு 40,000 ரூபாய் வேண்டும், சந்தா, இணையம், யுபிஎஸ், பெட்ரோல் என்று 5,000 செலவு. மொத்தம் 45,000. மாதம் 80 மணி நேரம் உட்கார முடியும் என்றாலும் போன் பேச்சு, பில் எழுதுவது, படிப்பது எல்லாம் போக காசாகும் நேரம் 60 மணிதான் இருக்கும். 45,000ஐ 60ஆல் வகுத்தால் மணிக்கு 750. இனி ஒரு வேலை எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்று பார்த்து, சதுர அடிக் கணக்கில் வரும் தொகையோடு ஒப்பிடலாம். குறைவாக வந்தால் விலையைக் கூட்டவோ தாள்களைக் குறைக்கவோ பேச வேண்டும். முதல் வேலைகளில் நான் இந்தக் கணக்குக்குக் கீழே போகவே இல்லை. இடைவெளி இருந்தது என்பதற்காகத் தள்ளுபடி கொடுத்தால் அந்த விலைதான் நம் விலை என்று நிலைத்துவிடும்.

பணம் வாங்கும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். தொடங்கும்போது 30 சதவீதம், ஃபுட்டிங்கும் பில்லரும் கொடுக்கும்போது 40, மீதியை ஸ்லாப் வரைபடங்களோடு. கடைசி வரைபடத்தைக் கொடுத்த பிறகு பெரிய தொகை பாக்கி நிற்கும்படி எப்போதும் வைக்காதீர்கள். வெளியூர் அலுவலகம் ஒன்று மாதக்கணக்கில் இழுத்தடித்தது. குறு, சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு இதற்கு நல்ல துணை. இணையத்தில் இலவசமாக நாமே செய்துகொள்ளலாம், சேவைத் தொழிலுக்கும் பொருந்தும். 2006ஆம் வருட எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள். தாமதித்தால் கூட்டு வட்டி, அரசின் இணையதளத்தில் புகாரும் கொடுக்கலாம். நான் புகார் வரை போகவில்லை. பில்லின் மேலே உத்யம் எண்ணையும், கீழே அந்த 45 நாள் வரியையும் போட்டு மறுபடி அனுப்பினேன், பணம் வந்தது. வேலையை எடுக்கும் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும், மறக்காதீர்கள்.

வரி விஷயம் பலரைத் தேவையில்லாமல் பயமுறுத்துகிறது. பொறியியல் சேவைக்கு வழக்கமாகப் பணம் தரும்போதே 10 சதவீதம் வரியாக, டி.டி.எஸ். என்று, பிடிப்பார்கள், ஒருவரிடமிருந்து வருஷத்தில் வரும் தொகை 2025 ஏப்ரல் முதல் 50,000க்கு மேல் போனால்தான், அதற்குமுன் 30,000. பிடித்த பணம் போய்விடுவதில்லை. கணக்குத் தாக்கல் செய்யும்போது நம் வரியில் கழியும், வரியே இல்லாவிட்டால் திரும்ப வரும். பொறியாளர்கள், கணக்காளர்கள் போன்ற சில தொழில்களுக்கு, வருஷ வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால் அதில் பாதியை வருமானமாகக் காட்டிவிட்டு, விரிவான கணக்குப் புத்தகம் இல்லாமலே தாக்கல் செய்யும் வழி உண்டு. முன்கூட்டிய வரி இருந்தால் மார்ச் 15க்குள் ஒரே தவணை. சேவைக்கு ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாக வருஷம் 20 லட்சத்தைத் தாண்டினால்தான். 2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களை மனப்பாடம் செய்வதில் பலன் இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை ஆடிட்டரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். ஒப்பந்த வேலையில் பி.எஃப். இல்லை, அலுவலக மருத்துவக் காப்பீடும் இல்லை என்பதை மட்டும் மணிக்கணக்கைப் போடும்போதே நினைவில் வையுங்கள்.

வீட்டில் வேலை செய்வதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். காலை 10 முதல் 2 வரை என் நேரம் என்று வேலை கொடுப்பவர்களிடம் சொன்னதைப் போலவே சொந்தக்காரர்களிடமும் சொன்னேன். "வீட்டிலதானே இருக்கே, பேங்க் வரைக்கும் போய்ட்டு வந்துடு" என்ற பேச்சு சில மாதங்களில் தானாகக் குறைந்தது. நாத்தனார் முதலில் முகம் சுளித்தார். இப்போது அவரே போன் செய்துவிட்டு "வேலை நேரமா, அப்புறம் கூப்பிடட்டுமா அண்ணி?" என்கிறார்.

கடைசியாக, கையெழுத்து. ஒப்பந்தத்தில் டிசைன் செய்பவர் ஒருவர், வரைபடத்தில் பதிவு எண்ணோடு கையெழுத்துப் போடுபவர் இன்னொருவர் என்பது நம் ஊரில் சாதாரணம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இல் வந்தவை, கட்டமைப்புப் பொறியாளர் பதிவு பற்றியும் பொறுப்பு பற்றியும் சொல்கின்றன. திரும்பி வந்த புதிதில் நான் என் பெயரில் கையெழுத்துப் போடவில்லை. வேலை கொடுத்த ஆலோசகர் சரிபார்த்துக் கையெழுத்திடுவார் என்று கடிதத்தில் எழுதி, அவர் சரிபார்த்த பிரதியை வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் திருத்திய சிவப்பு மையெல்லாம் என் பாடப்புத்தகம். சிவப்பு குறைந்துகொண்டே வந்து, 13920 பற்றி அவர் என்னிடம் சந்தேகம் கேட்க ஆரம்பித்த பிறகுதான் என் பெயரில் பதிவுக்கு விண்ணப்பித்தேன். அதற்குப் பட்டச் சான்றிதழோடு பழைய அலுவலகத்தின் அனுபவச் சான்றிதழும் தேவைப்பட்டது. இடைவெளியில் இருப்பவர்கள் அந்தக் கடிதத்தை இப்போதே தேடி எடுத்து வையுங்கள். பழைய அலுவலகம் மூடுவதற்குள், கையெழுத்துப் போட வேண்டியவர் ஓய்வு பெறுவதற்குள் வாங்கிவிடுவது நல்லது.